மாலை போட்டுக்கொண்டு வந்த பஸ்

ஈப்போவில் மலைகள் ஊருக்கு வெளியே நிற்பதில்லை. கடைத்தெரு முடிகிற இடத்தில், வீடுகளின் கொல்லையில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் என்று திடீரென எழுந்து நிற்கின்றன. சுண்ணாம்புப் பாறை, தலையில் காடு, இடுப்பில் மேகம். வந்து இறங்கிய மறுநாள் காலையில் மாடி ஜன்னலைத் திறந்தபோது எதிரே ஒரு மலை இருந்தது. பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தால் இல்லை. காபி வந்தபோது பாதி திரும்பி வந்திருந்தது. ஓய்வு பெற்ற அரசு ஊழியனுக்கு இந்த மாதிரி வருகைப்பதிவு புதிதல்ல.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சென்னையில் அரசாங்கச் செய்திப்பட அலுவலகம் ஒன்றில் பணிக்காலம் முழுவதையும் கழித்துவிட்டு, வழியனுப்பு விழாவில் தந்த சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் உறவினர் மெய்யப்பன் மலாய் நாட்டு ஈப்போவிலிருந்து அழைத்தார். அவருடைய பெரியவர்கள் செட்டிநாட்டிலிருந்து போனவர்கள். அவர் ஜவுளிக் கடையும், அதன் மாடியில் ஒரு வீடியோ கடையும் நடத்தினார். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட ஒரு வீடியோ கேமரா வாங்கியிருந்தார். கல்யாணம் இல்லாத நாட்களில் அது சும்மா இருப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்திப்படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கலாமே என்று தோன்றியிருக்கிறது.

"அண்ணே, நீங்க வந்து ரெண்டு வாரம் சொல்லிக் குடுத்தா போதும். புள்ளைங்க கெட்டி. கேமராதான் கொஞ்சம் மக்கு" என்றார்.

கேமரா மக்கு என்பது உண்மைதான். அதில் படம் பதிவாகாது. பதிவு செய்யத் தனியாக ஒரு பெட்டி. கேமராவைத் தோளில் வைத்துக்கொள்பவர் ஒருவர், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொள்பவர் ஒருவர். இருவருக்கும் நடுவே ஒரு கம்பி. கோபித்துக்கொண்டு ஒருவர் வேறு பக்கம் போக முடியாது. கல்யாணங்களுக்குப் பொருத்தமான கருவி.

முதல் நாள் வகுப்பு மெய்யப்பனின் வீடியோ கடைப் பின்னறையில். தமிழாசிரியர் அருளப்பன் பத்துப் பன்னிரண்டு மாணவர்களை அழைத்து வந்திருந்தார். தோட்டத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து ஆசிரியரானவர். எதற்கும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் கவலைப்படுகிற மனிதர். நான் கரும்பலகையில் நடைமுறைகளை எழுதினேன். தூரக் காட்சி முதலில், நெருங்கிய காட்சி பிறகு. கேமரா முக்காலியில் நிற்க வேண்டும். எந்தக் காட்சியும் ஆறு வினாடிக்கு மேல் ஓடக் கூடாது. படம் பிடிக்கும் இடத்துக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். வெளிச்சம் போதுமா என்று பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். பதவி உயர்வுத் தேர்வில் எழுதியவை.

பிள்ளைகள் மரியாதையாக எழுதிக்கொண்டார்கள். அப்புறம் கேமராவைக் கையில் கொடுத்தேன். சேகர் என்கிற பையன் அதை வாங்கியதும் ஜூம் பொத்தானைக் கண்டுபிடித்தான். அன்று முழுக்க ஈப்போ நகரம் எங்களை நோக்கி ஓடி வந்தது, பின்வாங்கியது, மறுபடி ஓடி வந்தது. மாலையில் அதைத் திரையில் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கப்பல் பயணம் போலக் குமட்டியது. அருளப்பன் சிரித்தார். அப்புறம் கவலைப்பட்டார்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் பணக்கார மைத்துனன். மதியம் வாழையிலைச் சாப்பாடு, அதில் பாகற்காய் வறுவல் மொறுமொறுவென்று. சாயங்காலம் சீனர் கடையில் காபி. கொட்டையை வெண்ணெயில் வறுக்கிறார்களாம். குடித்தபின் உடம்பு விழித்துக்கொள்கிறது, மனது தூங்கப் போகிறது. அந்த இரண்டு வாரமும் நான் அப்படித்தான் இருந்தேன். எது பார்த்தது, எது கனவில் வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்லச் சொன்னால் கஷ்டம். தம்புன் பக்கத்துப் பம்பளிமாஸ் பழங்களைக் கடை வாசலில் சிவப்பு நாடா கட்டித் தொங்கவிட்டிருந்ததை நிச்சயம் பார்த்தேன். அவற்றுக்குள் விளக்கு எரிந்ததை அநேகமாகப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், ஒவ்வொருவரும் ஒரு செய்தி கொண்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சந்தையில் மீன் விலை, பள்ளி ஓட்டப்பந்தயம், ஒரு பூனை. கடைசியாகப் பிலோமினா எழுந்தாள். படிவம் நான்கு, நம் பத்தாம் வகுப்பு மாதிரி, படிக்கிற பெண். வெள்ளைச் சட்டைமேல் போட்ட நீலப்பச்சைச் சீருடையின் விளிம்பில் செம்மண் கறை. வகுப்புக்குத் தினமும் தாமதமாக வந்தவள் அவள்தான்.

"சார், எங்க தோட்டத்துக்குப் பஸ்ஸு வர்றதில்ல. அதான் நியூஸு."

"வராமல் இருப்பது செய்தி அல்லம்மா. ஏதாவது நடந்தால்தான் செய்தி" என்றேன்.

"தினமும் நடக்குது சார். நான்தான் நடக்கிறேன்."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அருளப்பன் பிறகு விளக்கினார். இங்கே மைல்கல்லைக் கட்டை என்பார்கள். தோட்டங்களுக்கும் அதுவே பெயர். பிலோமினாவின் இடம் பதினாறாங்கட்டை. ஒரு காலத்தில் கித்தா, அதாவது ரப்பர், நின்ற தோட்டம். மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். பாதிக் குடும்பங்கள் வெளியேறின. ஆள் குறைந்ததும் பஸ் கம்பெனி காலை பஸ்ஸை நிறுத்திவிட்டது. மிஞ்சிய பிள்ளைகள் கருக்கலில் செம்பனைக் காட்டுக்குள் நடந்து பெரிய சாலைக்கு வந்து பஸ் பிடிக்கிறார்கள்.

"அவ அப்பா அந்தோணி பயப்படுறாரு சார். காட்டுப் பாதை, பொம்பளப் புள்ள. இந்த மாசத்தோட பள்ளிக்கூடம் போதும், பேக்டரிக்குப் போன்னுட்டாரு. ஈப்போ பக்கம் ரேடியோ சாமான் செய்யுற பேக்டரி ஒண்ணு இருக்கு. அவங்க பஸ்ஸு தோட்டத்து வாசல்லயே வந்து நிக்குது."

பள்ளிக்குப் போக பஸ் இல்லை. பள்ளியை விட்டால் பஸ் வாசலுக்கே வருகிறது. எந்த அலுவலகத்திலும் இதைவிடத் தெளிவான சுற்றறிக்கையை நான் படித்ததில்லை.

இரண்டு வாரக் கடைசியில் பள்ளியில் பெற்றோர் நாள். பிள்ளைகள் எடுத்த படங்களைத் திரையிடுவதாக ஏற்பாடு. பரிசுக் கோப்பைகள் வழங்குபவர் அதே பஸ் கம்பெனியின் மேனேஜர். பிலோமினா இதை எப்போதோ யோசித்து முடித்துவிட்டாள் என்று தெரிந்தது. கம்பெனிக்குப் போன மனுக்கள் எல்லாம் எங்கோ அடுக்கில் தூங்குகின்றன. மனுவைப் படிக்காதவர் படத்தைப் பார்க்க உட்கார்ந்துதானே ஆக வேண்டும்.

சனிக்கிழமை படப்பிடிப்பு என்று நான் முடிவு செய்தேன். அன்று பிள்ளைகளுக்கு விடுமுறை, வெளிச்சமும் நன்றாக இருக்கும். பஸ் நிறுத்தத்தில் நின்று காட்டச் சொல்லலாம். தோட்டத்துக்கு முன்னறிவிப்பும் அனுப்பச் சொன்னேன்.

"சார், சொல்லாம போலாம் சார்" என்றாள் பிலோமினா.

"சொல்லாமல் போவது நடைமுறை இல்லை."

"எங்க ஆளுங்கள உங்களுக்குத் தெரியாது சார்."

தெரியாததால்தான் முன்னறிவிப்பு என்று விளக்கினேன். தோட்டத்துக் கோயில் தலைவர் வீராசாமிக்குத் தகவல் போயிற்று.

சனிக்கிழமை மெய்யப்பனின் கார் கிளம்பவில்லை. பானட்டைத் திறந்து பார்த்து, "இதுக்கும் இன்னிக்கு லீவுலா" என்றார். கேமராவும் பெட்டியும் பிள்ளைகளும் ஒரு காய்கறி லாரியில் ஏறினார்கள். நான் அருளப்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தேன், கையில் முக்காலியை ஈட்டி போலப் பிடித்துக்கொண்டு. சாலையில் போன மலாய்க் கிழவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி எனக்கு வழிவிட்டார். போருக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

செம்பனைக் காட்டுக்குள் நுழைந்ததும் உலகம் பச்சையாகவும் மௌனமாகவும் ஆகிவிட்டது. வரிசை, வரிசைக்குப் பின் வரிசை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே பாதை முடிவில்லாமல் போகிற மாதிரி. ஓரத்தில் வெட்ட மறந்த சில கித்தா மரங்கள், உடம்பில் பழைய கீறல்களோடு. புகை போல ஒரு பனி தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மட்டும் நின்றது. அருளப்பன் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எனக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

தோட்டத்து வாசல் வந்தபோது மேளம் கேட்டது.

முதலில் நான் நம்பவில்லை. லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். பெண்கள் பட்டுச்சேலையில், தலை நிறையப் பூ. ஆண்கள் சலவைச் சட்டையில். ஒரு அம்மாள் தட்டில் சந்தனமும் பன்னீர்ச் செம்பும் வைத்துக்கொண்டு நின்றார், பிலோமினாவின் தாய். குழந்தைகளுக்குப் பவுடர் பூசியிருந்தது. இந்தத் தோட்டத்துக்கு வீடியோ கேமரா வந்ததெல்லாம் கல்யாணத்துக்குத்தான். கேமரா வந்தால் எப்படி நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அதன்படி நின்றார்கள்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு ஹாரன்.

பஸ் வந்தது. கழுவித் துடைத்து, கண்ணாடியில் வானம் தெரிய, முகப்பில் ஆளுயர ரோஜா மாலை, இரண்டு பக்கமும் மாவிலை, சக்கரங்களில் குங்குமம். வீராசாமி படியில் நின்றபடி, தேரில் வருகிறவர் மாதிரி வந்து இறங்கினார்.

"ஐயா, வாங்க வாங்க! பஸ்ஸு வர்லன்னு படம் புடிக்கப் போறாங்கன்னு சேதி வந்துச்சு. எனக்குத் தூக்கமே வர்லலா. ஊர்லேருந்து கடல் தாண்டி ஒரு பெரிய மனுசன் வராரு, அவருகிட்ட நம்ம தோட்டத்துக்குப் பஸ்ஸு இல்லன்னா காட்டுறது? நேரா கம்பெனிக்குப் போயி நின்னுட்டேன். ஒரு நாளைக்கு மட்டும் குடுங்கன்னேன். குடுத்துட்டாங்க. அவங்களே கழுவிக் குடுத்தாங்க!"

மேளம் உச்சத்துக்குப் போனது. எனக்குப் பன்னீர் தெளித்தார்கள். சேகர் இந்த அதிசயத்தை விடாமல் ஜூம் செய்துகொண்டிருந்தான். மேளத்துக்கு நடுவே நான் பிலோமினாவைத் தேடினேன். அவள் சந்தனத் தட்டுக்குப் பின்னால், யூனிபார்மில், பையோடு நின்றாள். பஸ்ஸுக்காகக் காத்திருக்கிற பெண்ணாக நடிக்க வந்தவள்.

"நான் சொன்னேன்ல சார்" என்றாள். அவ்வளவுதான். கண் நிறைந்திருந்தது, துடைக்கவில்லை.

நான் பணியாற்றிய அலுவலகத்தில் படம் பிடிக்கும் நாளில் பஸ் வரவழைப்பதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது என்று சொல்லலாம். பள்ளத்தை மூடுவார்கள், தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வரும், மருத்துவர் மருத்துவமனையில் இருப்பார். நாங்கள் மேலிடத்துக்குப் பயந்து செய்ததை இந்த மனிதர்கள் விருந்தாளிக்கு மரியாதை என்று சொந்தக் காசில் செய்திருந்தார்கள். திட்டவும் முடியவில்லை. பாயசம் கொடுத்தார்கள், குடித்தேன். ஏலக்காய் தூக்கலாக, அருமையாக இருந்தது.

அந்தோணி என்னிடம் வந்து கைகட்டி நின்றார். ஒல்லியான, குறைவாகப் பேசுகிற மனிதர்.

"பஸ்ஸு வந்துச்சு, சந்தோஷம் ஐயா. நாளைக்கு வராது. எனக்குத் தெரியும். அடுத்த வாரம் விட்டு அதுக்கு அடுத்த திங்கக்கெழம பேக்டரில பேர் குடுக்கணும். வயசுப் புள்ளைய நான் எம்புட்டு நாளைக்கு இருட்டுல அனுப்புறது? நீங்களே சொல்லுங்க."

 அவர் சொன்னதில் தவறு ஏதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கேமரா ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. சாயங்காலம் அது திரும்பி வந்தபோது பிலோமினா வீடியோ கடை வாசலில் காத்திருந்தாள். மாதாகோயிலுக்கு ஈப்போ வந்தவள், வீட்டுக்குப் போகவில்லை.

"சார், நாளைக்குக் காலைல வேணும் சார். யாருக்கும் சொல்லாம."

"வெளிச்சம் போதாதே. இந்தக் கேமராவுக்கு விடிந்து ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும்."

"விடிஞ்சா நாங்க அங்க இருக்க மாட்டோம் சார்."

மெய்யப்பன் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். அது அப்போது இருந்தது. "பேட்டரி சார்ஜ் போட்டு வைங்க" என்றேன்.

திங்கட்கிழமை கேமராவோடு நானும் அருளப்பனும் போய்ச் சேர்ந்தபோது வானத்தின் கிழக்கு விளிம்பு மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது. தோட்டத்து வாசலில் கூரை போட்ட பஸ் நிறுத்தம். காட்டுக்குள் சேர்ந்து நடப்பதற்காகத் தினமும் அங்கே கூடிக் காத்திருக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். முகம் தெரியவில்லை, வெள்ளைச் சட்டைகள் மட்டும் காற்றில் மிதந்து வந்தன. யாரும் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. இருட்டில் நான் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது.

பிலோமினா சாலைக்கு எதிரே முக்காலியை நிறுத்தினாள். கேமராவை வைத்தாள். பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். பிறகு சாலையைக் கடந்து போய் வரிசையில் நின்றுகொண்டாள்.

"சார், யாரு புடிக்கிறது?" என்று கிசுகிசுத்தார் அருளப்பன்.

"அதுவே பிடித்துக்கொள்ளும்" என்றேன். எனக்கு அன்று ஒரே வேலைதான் இருந்தது. கேமராவைத் தொடாமல் இருப்பது. கவிழ்த்துப் போட்ட பழைய கித்தாப் பால் வாளி ஒன்றில் உட்கார்ந்து அதைச் செய்தேன்.

நேரம் போனதா நின்றதா தெரியவில்லை. செம்பனைக்குள் ஏதோ பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. இருட்டு சாயம் போவது போல மெல்லப் போனது. கால் மாற்றி நின்றார்கள். சின்னவன் ஒருவன் பையைத் தரையில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். தூரத்தில் இரண்டு விளக்குகள். என் மனம் துள்ளியது. பஸ்ஸேதான். வந்து நின்றது, கதவு திறந்தது. பிள்ளைகள் யாரும் நகரவில்லை. பின்னாலிருந்து இரண்டு மூன்று இளம்பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு ஓடி வந்து ஏறினார்கள். ஒருத்தி பிலோமினாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். பேக்டரி பஸ். கதவு மூடியது, போயிற்று.

மறுபடி பனி. மறுபடி பறவை. கொஞ்சம் பொறுத்து, யாரும் சொல்லாமலே, பிள்ளைகள் நடக்கத் தொடங்கினார்கள். படத்தின் ஓரம்வரை நடந்து, அதைத் தாண்டிப் போனார்கள். காலி நிறுத்தம் மட்டும் நின்றது. பேட்டரி தீரும்வரை கேமரா அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம் முழுவதும் படத்தொகுப்பு. பின்னறையில் இரண்டு வீடியோ பெட்டிகள். ஒன்றில் ஓட்டி மற்றதில் பதிவு செய்ய வேண்டும். இருவர் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். "மூணு, ரெண்டு, ஒண்ணு, போடு!" என்று பிலோமினா கத்துவாள். சேகர் 'ரெண்டு'க்கே அழுத்திவிடுவான். "அலாமாக்! உனக்கு எண்ணவே தெரியாதாடா?" ஒவ்வொரு ஒட்டிலும் திரையில் ஒரு வானவில் துடித்து மறைந்தது. மெய்யப்பன் அவ்வப்போது எட்டிப் பார்த்து, "பின்னாடி ஒரு நாதஸ்வரம் போட்டுறலாமா அண்ணே?" என்பார். கல்யாண டேப் எதிலும் அவர் மௌனத்தை அனுமதித்ததில்லை.

திங்கட்கிழமைக் காட்சி மங்கலாகத்தான் வந்திருந்தது. ஆனால் அந்த மக்குக் கேமராவில் ஒரு குறை உண்டு. பிரகாசமான விளக்கு நகர்ந்தால் அதன் தடம் திரையில் கோடாக நிற்கும். பேக்டரி பஸ்ஸின் விளக்குகள் பனிக்குள் இரண்டு பொன் வால்களை இழுத்துக்கொண்டு வந்தன. போன பிறகும் அவை பிள்ளைகளின் மேல் கொஞ்ச நேரம் தங்கி, அப்புறம் கரைந்தன. கோளாறு என்று கையேட்டில் எழுதியிருக்கும். நான் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன்.

"சரி, இதில் ஆறு வினாடி எடுத்துக்கொள்" என்றேன், பழக்கதோஷத்தில்.

"ஆறு செகண்டு நின்னா யாருக்கு சார் கால் வலிக்கும்?"

சேகர் சிரித்துவிட்டான். நான் கரும்பலகைக்குப் போய் அந்த விதியைத் துணியால் துடைத்தேன். துடைத்த இடம் மற்ற எழுத்துகளைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

சனிக்கிழமை பஸ்ஸையும் அவள் விடவில்லை. நான் நினைத்தேன், அதை மறைத்துவிடுவாள் என்று. முதலில் அதைத்தான் வைத்தாள். 'சனிக்கிழமை' என்று அட்டையில் எழுதிப் படம் பிடித்து, அதன் பின் மேளம், மாலை, வீராசாமி, பன்னீர். பிறகு 'திங்கட்கிழமை' என்று ஒரு அட்டை. பிறகு பனி. வர்ணனை கிடையாது.

"தலைமையாசிரியர் முன்னாடியே பாக்க வேணாமா சார்?" என்று அருளப்பன் கேட்டார். இந்தத் தடவை சிரிக்காமலே கவலைப்பட்டார்.

"அவர் கேட்டாரா?"

"கேக்கல."

"கேட்காததை முன்கூட்டிக் காட்டுவது எந்த நடைமுறையிலும் இல்லை."

எத்தனையோ கோப்புகளைக் கட்டியவன் நான். நடைமுறையின் இந்தப் பக்கத்தை அன்றுதான் முதல்முறையாக ரசித்தேன்.

பெற்றோர் நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. பதினாறாங்கட்டைத் தோட்டம் மொத்தமும் வந்து முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தது, மறுபடி பட்டுச்சேலையில். மேனேஜர் நடுவில். வயதான சீனர், சாந்தமான முகம். மீன் விலை வந்தது, ஓட்டப்பந்தயம் வந்தது, பூனை வந்தது. பூனைக்குப் பலத்த கைதட்டல்.

அப்புறம் மாலை போட்ட பஸ். மண்டபம் அதிர்ந்தது. அவரவர் முகத்தை அவரவர் கண்டுபிடித்துக் கூவினார்கள். வீராசாமி எழுந்து நின்று பின்வரிசைக்குத் தன்னைக் காட்டினார். மேனேஜர் கோப்பைகளுக்குப் பின்னால் நன்றாகச் சிரித்தார்; பஸ் உண்மையிலேயே அழகாக இருந்தது.

'திங்கட்கிழமை.' பனி. நிற்கிற பிள்ளைகள்.

முதலில் காத்திருந்தார்கள். பிறகு முணுமுணுப்பு. "டேப்பு சிக்கிக்கிச்சா?" என்று ஒரு குரல். "இல்லலா, பறவ கத்துது பாரு." யாரோ இருமினார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. திரையில் சின்னவன் பையைக் கீழே வைத்தான். மண்டபத்தில் யாரோ ஒரு தாய் "ஐயோ" என்றாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொன் வால் விளக்குகள் வந்தபோது ஒரு குழந்தை "வந்துருச்சு!" என்று கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள், மூச்சு விட்டார்கள். கதவு திறந்தது, மூடியது. பஸ் போயிற்று. பிள்ளைகள் நின்றார்கள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் நடந்து திரையை விட்டு வெளியேறி, காலி நிறுத்தம் மட்டும் நின்றபோது, கைதட்டுவதா வேண்டாமா என்று மண்டபத்துக்குத் தெரியவில்லை.

மேனேஜர் மைக் இல்லாமலே, மலாய் மொழியில் பிலோமினாவைக் கேட்டார். அருளப்பன் என் காதில் மொழிபெயர்த்தார்.

"அந்த பஸ் எங்களுடையது இல்லையே?"

"இல்லை ஐயா. அது பேக்டரி பஸ். அது தினமும் வரும்."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை, வெள்ளைத் துணி. பிறகு மெதுவாகச் சொன்னார். "பயணிகள் குறைவு என்று எனக்குக் கணக்கு கொடுத்தார்கள். குறைவுதான். ஆனால் எனக்கே கால் வலித்துவிட்டது." அதன் பிறகு, "திங்கட்கிழமை அனுப்பச் சொல்கிறேன்" என்றார்.

வெளியே வீராசாமி என்னைப் பிடித்துக்கொண்டார். திட்டப் போகிறார் என்று தயாரானேன்.

"அந்தப் புள்ள என்னை நல்லா ஏமாத்திருச்சுலா ஐயா" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மால நல்லா விழுந்துருந்துச்சு, இல்ல?"

அந்தோணி மட்டும் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே சொன்னார். "சொல்றது யாரும் சொல்லலாம் ஐயா. வந்து நிக்கட்டும். அப்புறம் பேசுவோம்."

நான் ஊர் திரும்ப வேண்டியது அந்தத் திங்கட்கிழமை. விமான நிலையத்துக்கு வண்டி மதியம்தான். கருக்கலில் அருளப்பன் வாசலில் ஹாரன் அடித்தார். நான் ஏற்கெனவே செருப்பு மாட்டியிருந்தேன்.

அதே நிறுத்தம், அதே சாம்பல் வானம், அதே பறவை. கேமரா சீர்காழிக்காரர் ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தது. பிள்ளைகள் நின்றார்கள். அந்தோணியும் நின்றார். சட்டைப் பையில் மகளின் பிறப்புச் சான்று மடித்து வைத்திருந்தது. பேக்டரியில் காட்ட வேண்டியது. பிலோமினா யூனிபார்மில், அப்பாவைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு.

விளக்குகள் வந்தன. பேக்டரி பஸ். எப்போதும் போலச் சரியான நேரத்துக்கு. கதவு திறந்தது. தூக்குகளோடு பெண்கள் ஏறினார்கள். ஓட்டுநர் அந்தோணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வருகிறீர்களா என்று. அந்தோணி சாலையின் மறுமுனையைப் பார்த்தார். அங்கே பனி மட்டும் இருந்தது. கை சட்டைப் பைக்குப் போயிற்று. பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நீங்க போங்க அண்ணே. நான் கொஞ்சம் நின்னு பாக்குறேன்" என்றார் கடைசியில்.

கதவு மூடியது. பஸ் போயிற்று. நின்றோம். வெள்ளைச் சட்டைகளுக்கு முகம் வரும் நேரம் ஆயிற்று. சின்னவன் பையைக் கீழே வைத்தான். முதல் பிள்ளை நடக்கத் திரும்பியபோது, செம்பனைக்குள் எங்கோ கியர் மாற்றுகிற சத்தம், இரும்பை அறுப்பது போல.

வந்தது. ஒரு விளக்குதான் எரிந்தது. மாலை இல்லை, மாவிலை இல்லை, கண்ணாடியில் கொசு. நின்றதும் ஓட்டுநர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. "சீக்கிரம் ஏறுங்கலா! என்னா பாத்துக்கிட்டு நிக்குறீங்க, எனக்கு நேரமாச்சு!" என்று கத்தினார். பிலோமினா ஏறினாள். அந்தோணி சட்டைப் பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அது திரும்பிப் போகும்போது பின்பக்கத்தைப் பார்த்தேன். பதிவெண் தெரியாத அளவுக்குச் செம்மண். அதைக் கழுவி ஒரு வாரமாவது ஆகியிருக்கும். பார்க்க அவ்வளவு நம்பிக்கையாக இருந்தது.